காகமும் ஓநாயும்: வகுப்பில் நாம் பிழையாகச் சொன்ன ஒரு பதில்



போன கிழமை தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான். "சேர், எங்கட நாட்டுக் கடலுக்கு வந்த முதலாவது விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மீஸ்தானே?" ஏதோ பொது அறிவுப் புத்தகத்தில் பார்த்திருக்கிறான். நாமும் யோசிக்காமல் "ஓம், 1942 ஏப்ரல் 9, மட்டக்களப்புக் கடலில் ஜப்பானியர் தாழ்த்தினது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

இரவு வீட்டில் இருந்து பழைய குறிப்புகளைப் புரட்டியபோதுதான் பிழை விட்டது தெரிந்தது. ஹேர்மீஸ் தாழ்ந்த கதை சரி, திகதியும் சரி. ஆனால் "முதலாவது" என்பது சரியில்லை. அதற்கு 25 வருடங்களுக்கு முன்பே, 1917இல், விமானம் ஏற்றிய இரண்டு கப்பல்கள் நமக்கு மேற்கேயுள்ள கடலில் ஓடித் திரிந்திருக்கின்றன. ஒன்று மற்றதைத் தேடி வந்தது. இரண்டுமே பிறப்பால் போர்க்கப்பல்கள் அல்ல. சாமான் ஏற்றி இறக்கிய சாதாரண சரக்குக் கப்பல்கள். அதைவிடப் புதினம், இரண்டும் ஒரே கம்பனியின் கப்பல்கள்.

வகுப்பில் பிழையாகச் சொன்னதை வகுப்பில் திருத்தியாயிற்று. வெள்ளாங்குளம், தேவன்பிட்டி, இலுப்பைக்கடவைப் பக்கம் இந்தப் பக்கத்தை வாசிக்கிற பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் கம்பனியைப் பற்றி. ஜேர்மனியின் பிரேமன் நகரில் ஹன்சா என்றொரு பெரிய கப்பல் கம்பனி இருந்தது. இந்தியா, இலங்கை, பர்மா, பாரசீக வளைகுடா எல்லாம் அவர்களுடைய வியாபாரப் பாதை. கப்பல்களின் பெயர்கள் எல்லாம் "ஃபெல்ஸ்" என்று முடியும்; ஜேர்மன் மொழியில் பாறை என்று அர்த்தம். அந்தக் கப்பல்களின் அடித்தளத்தில் நிலக்கரி அள்ளிப் போட்டவர்களிலும் மேல்தளத்தில் வேலை செய்தவர்களிலும் பெருந்தொகையானோர் நம்முடைய உபகண்டத்து மாலுமிகள். லஸ்கர்கள் என்பார்கள். அவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். 1914 ஓகஸ்டில் போர் தொடங்கியபோது ஜேர்மன் துறைமுகங்களில் நின்ற ஹன்சா கப்பல்களில் இருந்த லஸ்கர்கள் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள். ஊருக்கு வர வழியில்லாமல் வருடக்கணக்காக அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அதே நேரத்தில் சுயெஸ் கால்வாய் வாயிலில், எகிப்தின் போர்ட் செய்ட் துறைமுகத்தில், ஹன்சாவின் கப்பல்கள் சில பிரித்தானியரின் கையில் சிக்கின. அதில் ஒன்றின் பெயர் ராபன்ஃபெல்ஸ். காகப் பாறை என்று வைத்துக்கொள்ளலாம். அண்டங்காகம் என்றால் இன்னும் பொருத்தம். 1903இல் இங்கிலாந்திலேயே கட்டப்பட்ட, ஏறத்தாழ 4,700 தொன் கொள்ளளவுள்ள கப்பல். வேகம் மணிக்குப் பத்துக் கடல் மைல் அளவு. இப்போதைய தலைமுறைக்குச் சொன்னால் சிரிப்பார்கள், பிளாஸ்டிக் படகுக்கு நல்ல எஞ்சின் பூட்டினால் இதைவிட வேகமாகப் போகும்.

பிரித்தானியருக்கு அப்போது ஒரு தலையிடி இருந்தது. உஸ்மானியப் படை சீனாய் பாலைவனத்தைக் கடந்து சுயெஸ் கால்வாயைத் தாக்கப் போகிறது என்று தகவல். பாலைவனத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க விமானம் வேண்டும். அந்தக் காலத்து விமானத்துக்குக் கொஞ்சத் தூரந்தான் பறக்க முடியும். கரையோரமாக விமானத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட ஒரு வாகனம் தேவைப்பட்டது. பிடிபட்ட ராபன்ஃபெல்ஸ் கையில் இருந்தது. அதையும் ஏன் ரிக்மேர்ஸ் என்ற இன்னொரு பிடிபட்ட ஜேர்மன் சரக்குக் கப்பலையும் இதற்கு எடுத்தார்கள்.

"மாற்றியமைத்தார்கள்" என்றதும் பெரிய வேலை என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு வீடியோவில் பார்க்கிற மாதிரி நீளமான ஓடுபாதை ஒன்றும் கிடையாது. சாமான் அடுக்கும் கிடங்கின் மூடிக்கு மேலே விமானத்தை வைத்தார்கள். காற்று அடித்துக் கிழிக்காமல் இருக்கக் கித்தான் மறைப்புக் கட்டினார்கள். மூட்டை தூக்கிய அதே பாரந்தூக்கிதான் விமானத்தையும் தூக்கியது. விமானத்துக்குச் சில்லுக்குப் பதிலாக இரண்டு மிதவைகள். பறக்க வேண்டிய நேரம் கப்பலை நிற்பாட்டி, விமானத்தைத் தூக்கிக் கடலில் வைப்பார்கள். அது தண்ணீரில் ஓடி எழும்பும். திரும்பி வந்து கடலிலேயே இறங்கும். மறுபடி கொழுவித் தூக்குவார்கள். அலை கொஞ்சம் கூடினால் எழும்பாது. சோளகக் காற்று நாளில் நம்முடைய ஆட்கள் வள்ளம் இறக்கப் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள், துணியும் மரமுமாகச் செய்த விமானத்துக்கு எப்படி இருந்திருக்கும்! நின்ற கப்பலை எதிரி அடிப்பதும் சுலபம். ஏன் ரிக்மேர்ஸ் 1915 மார்ச்சில் துருக்கியரின் டோர்பீடோ பட்டுச் சேதமானது.

தொடக்கத்தில் பறந்தவை பிரெஞ்சு விமானங்கள். ஓட்டுபவர் பிரெஞ்சுக்காரர், பக்கத்தில் இருந்து கீழே பார்த்துக் குறிப்பெடுப்பவர் பிரித்தானியர். 1915 பெப்ரவரி ஆரம்பத்தில் உஸ்மானியப் படை கால்வாயைத் தாக்கியபோது, அது வருகிறது என்பதை மேலேயிருந்து பார்த்துச் சொன்னவர்களில் இந்த விமானக்காரர்களும் இருந்தார்கள். அந்த வருட நடுப்பகுதியில் ராபன்ஃபெல்ஸ் முறையாகக் கடற்படைக்குள் எடுக்கப்பட்டு "ரேவன் இரண்டு" என்று பெயர் மாற்றம் பெற்றது. ஜேர்மன் காகம் ஆங்கிலக் காகமாயிற்று, அவ்வளவுதான். பலஸ்தீனம், சிரியா, துருக்கியின் தென்கரை, செங்கடல் எல்லாம் போனது. ஹிஜாஸில் ஷரீஃப் ஹுஸைனின் கிளர்ச்சி தொடங்கியபோது செங்கடலில் கிளர்ச்சிக்காரருக்கு உதவிய கப்பல்களில் இதுவும் அடங்கும். 1916 ஜூனில் ஜித்தாவில் இருந்த துருக்கியப் படை சரணடைவதற்கு முதல் நாள் அதன்மேல் குண்டு போட்டவை இந்த அணியின் இன்னொரு கப்பலான பென் மை ஷ்ரீயின் விமானங்கள். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் இறங்கிய அதே ஜித்தா. நம்முடைய மூத்தவாப்பாக்கள் காலத்தில் இந்தச் செய்தி இலங்கை முஸ்லிம்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கலீஃபாவின் படை ஒரு பக்கம், நாம் குடிகளாக இருந்த பிரித்தானிய அரசு மறுபக்கம்.

இனி ஓநாயின் கதை.

ஹன்சா கம்பனியின் இன்னொரு கப்பல் வாக்ட்ஃபெல்ஸ். 1913இல் கட்டியது, ஏறத்தாழ 5,800 தொன். இது ஜேர்மனியிடமே இருந்தது. ஜேர்மன் கடற்படை இதை எடுத்து, பீரங்கிகளை மறைத்து வைத்து, நானூற்றுக்கும் மேற்பட்ட கடற்கண்ணிகளை ஏற்றி, "வொல்ஃப்" என்று பெயரிட்டது. ஓநாய். வெளியில் பார்த்தால் வழமையான சரக்குக் கப்பல். அதில் மிதவை பூட்டிய ஒரு விமானமும் இருந்தது. பெயர் "வொல்ஃப்ஷென்", ஓநாய்க்குட்டி. கப்டன் கார்ல் நேர்கர். 1916 நவம்பர் 30ஆந் திகதி கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது.

எம்டனை நம் எல்லோருக்கும் தெரியும். 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தாங்கிகளை எரித்துவிட்டுப் போன கப்பல். "அவன் சரியான எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஆனால் எம்டன் மூன்றே மாதத்தில் கொக்கோஸ் தீவில் அழிந்துபோனது. வொல்ஃப் ஓடியது 451 நாட்கள். ஒரு துறைமுகத்துக்கும் போகாமல், பிடித்த கப்பல்களில் இருந்த நிலக்கரியையும் சாப்பாட்டையும் எடுத்து ஓடியது. அப்படி இருந்தும் அதன் பெயர் தமிழில் ஒரு சொல்லாகக்கூட மிஞ்சவில்லை. சத்தமில்லாமல் வந்து போனதுதான் காரணம் என்று நினைக்கிறோம்.

தென்னாபிரிக்கக் கரையில் கண்ணி போட்டுவிட்டு, 1917 பெப்ரவரி 15 அளவில் வொல்ஃப் கொழும்புக்கு வெளியே வந்தது. ஏன் கொழும்பு? இதற்குப் பதில் நம்முடைய வாசலிலேயே இருக்கிறது. மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் உள்ள மணல்திட்டுகளையும் பாக்கு நீரிணையின் ஆழமின்மையையும் நம்முடைய தொழிலாளிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பல்கள்கூட அந்தத் திட்டுக்கு ஒரு பக்கமாகத்தான் ஓடின. பெரிய கப்பல் குறுக்கே போக முடியாது. எனவே ஏடனிலிருந்து கல்கத்தாவுக்கோ ரங்கூனுக்கோ சிங்கப்பூருக்கோ போகிற ஒவ்வொரு கப்பலும் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். சுற்றும்போது கொழும்பில் நிலக்கரி ஏற்றும். நம் பக்கத்துக் கடல் ஆழமில்லாததால்தான் கொழும்புக்கு வெளியே அவ்வளவு நெரிசல். நேர்கருக்கு அது நன்றாகத் தெரியும். இந்தப் பாதையில் வருடக்கணக்காகச் சரக்கு ஏற்றிய ஒரு கம்பனியின் கப்பலல்லவா.

இரவோடு இரவாகக் கண்ணிகளைப் போட்டுவிட்டு ஓநாய் பம்பாய்ப் பக்கம் போய்விட்டது. பெப்ரவரி 17ஆந் திகதி வூஸ்டஷயர் என்ற கப்பல் கண்ணியில் பட்டுத் தாழ்ந்தது. 21ஆந் திகதி பேர்சியஸ். இரண்டும் இன்றைக்கும் கொழும்புக்கு வெளியே கடலடியில் கிடக்கின்றன. சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் வகுப்பில் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிட்டது. கண்ணி என்றால் நம்முடைய பிள்ளைகளுக்கு வரைவிலக்கணம் சொல்லத் தேவையில்லை. 2008இல் இந்த ஏ-32 வீதி நெடுகச் சண்டை போனது. அதற்குப் பிறகு வயலுக்கும் குளத்துக்கும் நடுவில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்துத்தான் பலர் மீள்குடியேறினார்கள். நாம் 1990 ஒக்டோபருக்குப் பிறகு புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள். வாப்பா முதன்முதலாக நம்மை ஊருக்குக் கூட்டிவந்தபோது வீட்டு நிலத்தைக் காட்டவில்லை. தூரத்தில் நின்று விரலால் சுட்டிக்காட்டினார், "அந்தப் பனைக்குப் பின்னால". கிட்டப் போக விடவில்லை. போட்டவர்கள் யார், எத்தனை போட்டார்கள், எங்கே போட்டார்கள் என்று சொல்ல யாரும் இல்லை. 1917இல் கொழும்புக்கு வெளியே கடலில் இருந்ததும் அதே நிலைமைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுதான் இந்தக் கதையில் நம்மை அதிகம் உறுத்திய இடம். 1917 ஜூலையில் வொல்ஃபின் கண்ணியில் பட்டு அவுஸ்திரேலியாவுக்கு அருகே கம்பர்லண்ட் என்ற கப்பல் சேதமானபோது, முதலில் அங்கே எல்லோரும் சொன்னது உள்ளேயிருந்து யாரோ குண்டு வைத்துவிட்டார்கள் என்றுதான். தொழிற்சங்கக்காரர், ஜேர்மன் வம்சாவளியினர் என்று சந்தேகம் ஓடியது. நியூசிலாந்துக் கடலில் போர்ட் கெம்பிளா தாழ்ந்தபோதும் உள்ளே நடந்த வெடிப்பு என்றே பேச்சு. கண்ணி போட்டவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் போய்விட்டான், விசாரிக்கப்பட்டவன் பக்கத்துத் தெருக்காரன். நம் நாட்டிலும் அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1915 மே மாதக் கடைசியில், முஸ்லிம்களுடைய கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அதை அடக்க வந்த ஆங்கில அரசு, இது தனக்கு எதிரான சதி என்று பயந்து இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களத் தலைவர்களைச் சிறையில் அடைத்தது. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7ஆந் திகதி சுடப்பட்டார். முஸ்லிமும் சிங்களவரும் ஆளுக்கொரு விதமாக இழந்த வருடம் அது. போர்க்காலத்துப் பயம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

கதைக்கு வருவோம். 1917 பெப்ரவரி 27ஆந் திகதி வொல்ஃப் ஒரு பிரித்தானிய எண்ணெய்க் கப்பலைப் பிடித்தது. பெயர் டுரிட்டெல்லா. ஏறிப் பார்த்தால் அதுவும் பழைய ஹன்சா கப்பல்! கூட்டன்ஃபெல்ஸ் என்ற பெயரில் ஓடி, 1914இல் பிரித்தானியரிடம் பிடிபட்டது. காணாமற் போன தம்பியைச் சந்தையில் கண்ட மாதிரி. நேர்கர் அதிலும் கண்ணிகளை ஏற்றி ஏடன் பக்கம் அனுப்பினார். மார்ச் 5ஆந் திகதி பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று அதை மறித்தது. ஜேர்மானியர் தாங்களே அதைத் தாழ்த்தினார்கள். ஆனால் ஓநாய் ஒன்று இந்தச் சமுத்திரத்தில் திரிகிறது என்ற விஷயம் வெளியாகிவிட்டது.

அந்த மாதமே காகத்துக்கு வேலை வந்தது. ரேவன் இரண்டு, பொத்துவோ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலோடு சேர்ந்து செங்கடலைத் தாண்டி இந்து சமுத்திரத்துக்குள் வந்தது. இலட்சத்தீவு, மாலைதீவு, சாகோஸ் என்று தீவுக்கூட்டங்களைத் தேடினார்கள். ஆயிரக்கணக்கான சின்னத் தீவுகள், அவற்றுக்கு நடுவே ஒளிப்பதற்கு அளவெடுத்த மாதிரிப் பவளக் குடாக்கள். கப்பலை விட்டுத் தேடினால் வருடமாகும். விமானம் மேலே ஏறினால் ஒரு குடாவை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். ஒரு தடவை மாலைதீவுக்கு மேலே போன விமானம் ஒன்று வழிதவறித் திரும்பவில்லை. அதில் போன இருவரும் பிறகு உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஜூன் வரை தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் சாதாரணம். காகம் வந்து சேர்ந்தபோது ஓநாய் இல்லை. அது மார்ச் மாதமே தெற்கே இறங்கி, அவுஸ்திரேலியாவைச் சுற்றி நியூசிலாந்துப் பக்கம் போய்விட்டது. ஜூன் 2ஆந் திகதி, காகத்தின் தேடல் இங்கே முடிகிற நேரத்தில், அங்கே ஓநாய்க்குட்டி வைருணா என்ற கப்பலுக்கு மேலே பறந்து நில் என்று எழுதிப் போட்டு, முன்னால் ஒரு குண்டையும் போட்டு நிற்பாட்டியது. தேடி வந்த விமானம் எதையும் காணவில்லை. தேடப்பட்ட கப்பலின் விமானம் வேட்டையாடிக்கொண்டிருந்தது.

செப்டெம்பரில் ஓநாய் திரும்பி வந்தது. எங்கே? மாலைதீவுக்கே. காகம் ஒவ்வொரு குடாவாகத் தேடிவிட்டுப் போன அதே மாலைதீவு. செப்டெம்பர் 24ஆந் திகதி கொழும்பிலிருந்து புறப்பட்ட ஹிட்டாச்சி மரு என்ற ஜப்பானியப் பயணிகள் கப்பல் 26ஆந் திகதி அதன் கையில் விழுந்தது. மேலே ஓநாய்க்குட்டி பறந்தது. கீழே பீரங்கி அடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிடித்த கப்பலைத் தெற்கு மாலைதீவின் சுவாதீவுக் குடாவுக்குள் கொண்டுபோய் நிறுத்திச் சாமான்களை மாற்றினார்கள்.

அந்தக் கப்பலில் ஒரு பயணி இருந்தார். பெயர் ட்ரேய்ஸ். பேங்கொக்கில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அதிபராக இருந்தவர். மனைவியோடு பயணம் செய்துகொண்டிருந்தார். கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த நமக்கு அந்த வரியைக் கண்டதும் ஏதோ சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. ஐந்து மாதம் கைதியாகக் கடலில் கிடந்துவிட்டு வந்து, 1919இல் அதைப் புத்தகமாக எழுதினார். அவர் எழுதியதால்தான் ஓநாயின் உள்ளே நடந்தது பல நமக்குத் தெரிகிறது. அதே கப்பல்களில் அதே சாப்பாட்டுத் தட்டுப்பாட்டில் அடைபட்டிருந்த ஆசிய மாலுமிகள் யாரும் அப்படி ஒரு புத்தகம் எழுதி நாம் பார்த்ததில்லை. ஒரே ஒரு வாத்தியார் உட்கார்ந்து எழுதினார், அவருடைய கண்ணுக்குப் பட்டதுதான் வரலாறாயிற்று.

வொல்ஃப் 1918 பெப்ரவரி 24ஆந் திகதி கீல் துறைமுகத்துக்குத் திரும்பியது. உள்ளே நானூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள். பலருக்கு ஸ்கர்வி நோய். ட்ரேய்ஸ் தம்பதியரை வைத்திருந்த இகோட்ஸ் மெண்டி என்ற பிடிபட்ட ஸ்பானியக் கப்பல் அதே நாளில் டென்மார்க் கரையில் தரைதட்டியதால் அவர்கள் தப்பினார்கள். போர் முடிந்ததும் வொல்ஃப் பிரான்சுக்குக் கொடுக்கப்பட்டு, அந்தினூஸ் என்ற பெயரில் மறுபடி வியாபாரத்துக்குப் போய், 1931இல் உடைக்கப்பட்டது.

காகத்தின் கதை இன்னும் சப்பென்று முடிந்தது. 1917 கடைசியில் விமானங்களை இறக்கிவிட்டு, நிலக்கரி ஏற்ற விட்டார்கள். ரேவன்றொக் என்று பெயர். காகப் பாறை! மூன்று வருடம் சுற்றி, ஆங்கிலத்தில் பழைய பெயருக்கே வந்து சேர்ந்தது. 1923இல் விற்றார்கள். கைமாறிக் கைமாறிக் கடைசியில் 1938இல் ஜப்பானில் பழைய இரும்பாக உடைத்தார்கள். அதற்கு நான்கு வருடம் கழித்து, ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் வந்தன. ஹேர்மீஸ் தாழ்ந்தது அப்போதுதான்.

ஹேர்மீஸைப் பற்றிச் சரியாகச் சொல்வதென்றால், தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல்களில் ஒன்று அது. அதற்கு முந்தியவை அநேகமாக வேறொன்றாகப் பிறந்து மாறியவை. ஜப்பான் 1914 செப்டெம்பரில் சீனாவின் சிங்டாவில் குண்டு போட விமானங்களைக் கொண்டுபோன வகமியாகூட, 1905இல் பிடிபட்ட லெதிங்டன் என்ற பிரித்தானியச் சரக்குக் கப்பல்தான். பரீட்சையில் கேள்வி வந்தால் பிள்ளைகள் இந்த வித்தியாசத்தை எழுத வேண்டும். ரேவன் இரண்டை "கடல் விமானந்தாங்கி" என்று எழுதினால் சரி. வொல்ஃப் விமானம் வைத்திருந்த வேட்டைக் கப்பல். அதை விமானந்தாங்கி என்று எழுதக்கூடாது.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு நம்முடைய நன்றி. இன்னொரு விஷயம். நம் கரையோர ஊர்களில் முன்னைய காலத்தில் வெளிநாட்டுக் கப்பல்களில் லஸ்கராகவோ, தலைமன்னார் இறங்குதுறையில் கூலியாகவோ வேலை செய்த பெரியவர்களைப் பற்றி யாருடைய வீட்டிலாவது கதை இருந்தால், ஒரு பழைய கடதாசி, ஒரு படம் இருந்தாலும், கீழே எழுதுங்கள் அல்லது பாடசாலைக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். தரம் 10 பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதிச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை மூன்று பக்கம் ஆகியிருக்கிறது.